மைன்கிராஃப்ட் சர்வருக்கு விபிஎஸ் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"நாங்க பதினஞ்சு பேர் விளையாடுறோம், எத்தனை ஜிபி ராம் வாங்கணும்?" சொந்தமாக மைன்கிராஃப்ட் சர்வர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். விற்கிறவர்களும் ராமை வைத்தே திட்டங்களைப் பிரித்து விலை போட்டிருப்பதால், கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ராம் வேண்டும்தான், ஆனால் சர்வர் லேக் அடிக்கும்போது பெரும்பாலும் காரணம் அது இல்லை. பிராசசரின் ஒரே ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, அந்தக் கோர் முழுசாக உங்களுக்குக் கிடைக்கிறதா, சர்வர் எந்த ஊரில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்போ, கட்டிய முதல் இரண்டு மூன்று நாளிலோ நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இங்கே நான் பேசுவது மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனைப் பற்றி. வேறு ஆட்டம் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், எண்கள் மட்டும் மாறும்.

முதலில், விபிஎஸ் தேவைதானா?

விபிஎஸ் என்பது டேட்டா சென்டரில் இருக்கும் பெரிய கணினியில் ஒரு பங்கை உங்களுக்கென்று வாடகைக்குத் தருவது. நாலைந்து நண்பர்கள் சனி ஞாயிறு மட்டும் இரண்டு மணிநேரம் ஆடுகிறீர்கள் என்றால் வேண்டாம். ஏடெர்னோஸ் மாதிரியான இலவசச் சேவையே போதும். ஆட்கள் வரும்போது கிளப்பி ஆடிவிட்டுப் போகலாம், பராமரிப்பு என்று எதுவும் கிடையாது.

வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் பல வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். சிஜிநாட் என்று சொல்வது அதைத்தான். அப்படி இருந்தால் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. உங்கள் ரவுட்டர் காட்டும் வெளி முகவரியும், "என் ஐபி என்ன" என்று கூகுளில் தேடினால் வரும் ஐபிவி4 முகவரியும் வேறு வேறாக இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நாள் முழுக்க ஓட வேண்டும், பத்து பேருக்கு மேல் வருவார்கள், பிளகின் மாட் எல்லாம் உங்கள் இஷ்டத்துக்குப் போட வேண்டும், லினக்ஸில் நாலு கட்டளை அடிக்கத் தயக்கம் இல்லை என்றால் விபிஎஸ் சரியான இடம். லினக்ஸ் பக்கமே போக மாட்டேன் என்பவர்கள், பேனலோடு வரும் கேம் ஹோஸ்டிங் வாங்குவது நல்லது. விலை கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் தூக்கம் மிஞ்சும்.

படி 1: 50 மில்லிசெகண்ட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் டிக் என்று பெயர். அப்படியென்றால் ஒரு டிக்குக்குக் கிடைக்கிற நேரம் 50 மில்லிசெகண்ட். அதற்குள் ஜாம்பிகள் வழி தேட வேண்டும், கிராமத்தார்கள் யோசிக்க வேண்டும், ஹாப்பர்கள் பொருளை நகர்த்த வேண்டும், ரெட்ஸ்டோன் ஓட வேண்டும், தண்ணீர் பாய வேண்டும். இந்த வேலை ஏறக்குறைய எல்லாமே ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே கோரில் நடக்கிறது. 50 மில்லிசெகண்டுக்குள் முடியாவிட்டால் டிக் தள்ளிப்போகும், நொடிக்கு 20 என்பது 16 ஆகும், 12 ஆகும். அப்போதுதான் உடைத்த கல் திரும்ப முளைக்கிறது, மாடு வழுக்கிக்கொண்டு போகிறது, கதவு இரண்டு முறை திறக்கிறது.

இதனால்தான் 8 கோர், 16 ஜிபி என்று பெரிதாக எழுதியிருக்கும் மலிவான திட்டம், 2 கோர் மட்டுமே உள்ள வேறொரு திட்டத்திடம் தோற்றுப்போகிறது. எட்டில் ஏழு கோர் சும்மா இருக்கும், மிச்சமிருக்கும் ஒன்று மூச்சு வாங்கும். மற்ற கோர்கள் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். புது நிலப்பரப்பு உருவாக்குவது, ஜாவாவின் குப்பை அள்ளும் வேலை (பயன்படாத ராமை விடுவிப்பது), நெட்வொர்க் வேலை இவையெல்லாம் அவற்றுக்குப் போகும். அதனால் குறைந்தது 2, வசதி இருந்தால் 3 அல்லது 4 கோர் எடுங்கள். அதற்கு மேல் கோருக்குக் கொடுக்கும் பணத்தை வேகமான கோருக்குக் கொடுங்கள்.

சரி, வேகமான கோரை எப்படிக் கண்டுபிடிப்பது? பிராசசரின் பெயரைக் கேளுங்கள். பல கம்பெனிகள் விளம்பரத்தில் "இன்டெல் சியான்" என்று மட்டும் போடுவார்கள், எந்தச் சியான் என்று சொல்ல மாட்டார்கள். 2016-இல் வந்த சியான் ஈ5-2680 வி4 இன்னும் மலிவு விபிஎஸ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் உச்ச வேகமே 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். ஏஎம்டி ரைசன் 9 5950எக்ஸ் 4.9 வரை போகும், 7950எக்ஸ் 5.7 வரை போகும். கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது, புதிய தலைமுறைச் சிப் அதே கிகாஹெர்ட்ஸில் கூடுதல் வேலை செய்யும். பாஸ்மார்க் தளத்தில் பிராசசர் பெயரைப் போட்டு "சிங்கிள் த்ரெட்" மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். ரைசன் 7000 வரிசை அந்தப் பழைய சியானைவிட இரண்டு மடங்கு எடுத்திருப்பதைக் காண்பீர்கள். ஏஎம்டி எபிக் இருந்தால் இடைப்பட்டது, தலைமுறையைப் பொறுத்து. பெயரைக் கேட்டும் பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

படி 2: அந்தக் கோர் உங்களுடையதா என்று பாருங்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான், ஏனென்றால் விளம்பரத்தில் எங்கேயும் வராத விஷயம் இது. விகோர் என்று விற்பது பெரும்பாலும் ஒரு முழுக் கோர் அல்ல, ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங்கில் வரும் பாதி. அந்தப் பாதியையும் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்தே விற்றிருப்பார்கள். வலைத்தளம் வைத்திருப்பவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, அவர் சர்வர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஆனால் நமக்கு நொடிக்கு 20 முறை, தவறாமல், கோர் வேண்டும். பக்கத்து ஆள் இரவு 9 மணிக்கு வீடியோ மாற்ற ஆரம்பித்தால் நம் டிக் தடுமாறும்.

இதை அளக்க லினக்ஸிலேயே வழி இருக்கிறது. டாப் கட்டளையை ஓட்டினால் மேலே சிபியு வரியில் கடைசியாக எஸ், டி என்ற இரண்டு எழுத்தோடு ஒரு எண் வரும். அதுதான் ஸ்டீல், அதாவது உங்கள் மெஷின் வேலை செய்யத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரத்தின் சதவீதம். 0-இலேயே நின்றால் நல்ல இடம். எப்போதாவது 1, 2 என்று எட்டிப்பார்த்தால் பொறுத்துக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல் 5, 10 என்று நிலையாக நின்றால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது சரியாகாது.

இன்னொரு வகைத் திட்டமும் இருக்கிறது, பர்ஸ்டபிள் என்பார்கள். அமேசானின் டி3 வரிசையும் லைட்செயிலும் இந்த வகை. சும்மா இருக்கும்போது கிரெடிட் சேரும், வேலை செய்யும்போது கரையும். டி3 மீடியம் எடுத்தால் கோர் ஒன்றுக்கு அடிப்படை அளவு 20 சதவீதம்தான். தொடர்ந்து அதற்கு மேல் ஓட்டினால் கிரெடிட் தீர்ந்ததும் வேகம் இறங்கும், அல்லது அமைப்பைப் பொறுத்துக் கூடுதல் கட்டணம் விழும். வாங்கிய முதல் சில மணிநேரம் அருமையாக ஓடிவிட்டு மறுநாள் மாலை படுத்துக்கொள்ளும் சர்வர்களில் நிறைய இப்படிப்பட்டவை. முழுநேரம் ஓடும் ஆட்டத்துக்கு இந்த வகை வேண்டாம்.

"டெடிகேட்டட் கோர்" என்று போட்டிருக்கும் திட்டங்கள் விலை கூட, ஆனால் இருபது முப்பது பேர் தினமும் வரும் சர்வருக்கு அது நியாயமான செலவு. பத்து பேருக்குள் என்றால், ஸ்டீல் குறைவாக இருக்கும் நல்ல பகிர்வுத் திட்டமே போதும். மெஷினைக் கூறுபோடும் முறை, அதாவது விர்ச்சுவலைசேஷன், கேவிஎம்மா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓபன்விஇசட் என்றால் தவிர்க்கலாம், அதில் அளவுக்கு மீறி விற்பது இன்னும் சுலபம்.

படி 3: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட் ஆகும், எந்தக் கம்பெனியும் இதைக் குறைக்க முடியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வங்காள விரிகுடாவின் அடியில் போகும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆக, 32 மில்லிசெகண்டுக்குக் கீழே வரவே வராது. சென்னை ஆட்டக்காரருக்குக் கடல் தாண்டிய சிங்கப்பூரும் பிங்கில், அதாவது தரவு போய்வரும் நேரத்தில், நாம் நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லை என்பது இதில் தெரியும். ஜெர்மனி மலிவாகக் கிடைக்கிறது என்று போனால் 130, 150 என்று பிங் வரும். கட்டடம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது, கத்திச்சண்டை போடுகிறவருக்கு ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

ஆகவே உங்கள் ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எல்லோரும் தமிழ்நாட்டில் என்றால் சென்னை, பெங்களூரு, மும்பை மூன்றில் எது கிடைத்தாலும் சரி. விபிஎஸ் விற்கும் கம்பெனிகளில் அகமாய்க்கு, அதாவது பழைய லினோடுக்கு, சென்னையிலும் மும்பையிலும் இடம் இருக்கிறது. டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரு. வல்டருக்கு மும்பை, பெங்களூரு, டெல்லி. பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, மீதிப் பேர் சென்னை என்றால் சிங்கப்பூரில் வைப்பதே எல்லோருக்கும் நியாயம். துபாய், தோஹாவில் இருப்பவர்கள் அதிகம் என்றால் மும்பை.

யாழ்ப்பாணம், கொழும்பு ஆட்களுக்கு வரைபடத்தை நம்பிவிடாதீர்கள். சென்னை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் இணையப் பாக்கெட் (தரவுத் துண்டு) பக்கத்து வழியாக வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில இணைப்புகளில் அது சிங்கப்பூர் போய்ச் சுற்றி வரும். அப்படி இருந்தால் அவர்களுக்குச் சென்னை சர்வரைவிடச் சிங்கப்பூர் சர்வரே வேகமாக இருக்கும். வளைகுடா இணைப்புகளிலும் பாக்கெட் ஐரோப்பா சுற்றி வரும் விசித்திரம் உண்டு.

இதற்குத் தீர்வு, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிலிருந்து பிங் செய்து பார்க்கச் சொல்வதுதான். பெரிய கம்பெனிகள் எல்லாம் ஊருக்கு ஒரு சோதனை முகவரி வைத்திருக்கிறார்கள், "லுக்கிங் கிளாஸ்" அல்லது "ஸ்பீட் டெஸ்ட்" என்று தேடினால் கிடைக்கும். வின்எம்டிஆர் என்ற சின்ன நிரலை விண்டோஸில் பத்து நிமிடம் ஓடவிட்டால் வழியில் எந்த இடத்தில் பாக்கெட் தொலைகிறது என்பதுவரை காட்டும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், நடுவழியில் ஒரு ரவுட்டர் 40 சதவீத இழப்பு காட்டி, கடைசி வரியில் 0 காட்டினால் கவலையில்லை, அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்ல அக்கறைப்படவில்லை, அவ்வளவுதான். கடைசி வரியில் இழப்பு இருந்தால்தான் பிரச்சினை. இந்தச் சோதனையை இரவு 9 மணிக்குச் செய்யுங்கள். மதியம் எல்லா இணைப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

சராசரி பிங்கைவிட ஏற்ற இறக்கம் முக்கியம். நிலையான 70, குதிக்கும் 30-ஐவிட விளையாட எவ்வளவோ மேல்.

படி 4: இப்போது ராம், டிஸ்க்

பேப்பர் சர்வர் (பிளகின் போட வசதியுள்ள மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருள்), பத்து பேர், சில பிளகின்கள்: 4 ஜிபி ஜாவாவுக்கு, 1 முதல் 1.5 ஜிபி லினக்ஸுக்கு, ஆக 6 ஜிபி மெஷின் வசதி. இருபது பேருக்கு 8. நூறு மாட் போட்ட பெரிய மாட்பேக் என்றால் 10-க்கு மேல் போகும், அந்த மாட்பேக்கின் பக்கத்திலேயே எவ்வளவு வேண்டும் என்று போட்டிருப்பார்கள்.

மெஷினில் உள்ள ராம் மொத்தத்தையும் ஜாவாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் ஒதுக்கும் ஹீப் என்ற பகுதிக்கு வெளியேயும் ஜாவா இடம் எடுக்கும். ராம் தீர்ந்தால் லினக்ஸ் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஜாவாவைக் கொன்றுவிடும், மைன்கிராஃப்டின் லாக்கில் காரணம்கூட இருக்காது. தேவைக்கு மேல் ஏராளமாகக் கொடுப்பதாலும் வேகம் கூடாது.

டிஸ்க் என்விஎம்இ, அதாவது வேகமான எஸ்எஸ்டி வகையாக இருக்கட்டும். 40 ஜிபி இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும், பேக்கப்புக்கும் இடம் சேர்த்து 80 இருந்தால் நிம்மதி.

படி 5: டேட்டா கணக்கு

ஒரு ஆட்டக்காரருக்கு நொடிக்கு 50 கிலோபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இருபது பேர் என்றால் நொடிக்கு 1 மெகாபைட், மணிக்கு 3.6 ஜிபி. தினம் 5 மணிநேரம் என்றால் 18 ஜிபி, மாதம் 540 ஜிபி. சாதாரண விபிஎஸ் திட்டங்களில் 1, 2 டெராபைட் சேர்த்தே தருவதால் இது ஒரு பொருட்டில்லை. ஆனால் அமேசான் ஈசி2 மாதிரியான இடத்தில் மும்பையிலிருந்து வெளியே போகும் டேட்டாவுக்கு ஜிபி ஒன்றுக்குச் சுமார் 11 சென்ட், மாதம் முதல் 100 ஜிபி மட்டும் இலவசம். மிச்சம் 440 ஜிபிக்கு மட்டும் 48 டாலர் வரும், மெஷின் வாடகை தனி. டேட்டா சேர்த்துத் தருகிறார்களா, வரம்பு தாண்டினால் வேகத்தைக் குறைக்கிறார்களா அல்லது பில் போடுகிறார்களா என்று படித்துவிட்டுச் சேருங்கள். லைட்செயிலிலும் மும்பையில் தரும் டேட்டா பல ஊர்களைவிடக் குறைவு.

படி 6: தாக்குதல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்

தாக்குதல் என்று இங்கே சொல்வது டிடாஸை, அதாவது போலித் தரவை வெள்ளமாக அனுப்பி சர்வரை முடக்குவதை. சின்ன சர்வரை யார் தாக்கப்போகிறார்கள் என்று தோன்றும். மைன்கிராஃப்ட் உலகத்தின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 2016-இல் இணையத்தையே உலுக்கிய மிராய் பாட்நெட் மைன்கிராஃப்ட் சர்வர் போட்டியோடு பிறந்ததுதான். லட்சக்கணக்கான பாதுகாப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, போட்டிச் சர்வர்களைக் கவிழ்க்கப் பயன்படுத்தினார்கள். அந்தச் செப்டம்பரில் பிரான்ஸின் ஹோஸ்டிங் கம்பெனியான ஓவிஎச் மீது நொடிக்கு 1 டெராபிட்டை நெருங்கிய தாக்குதல் விழுந்தது. மிராயின் கோட் வெளியே கசிந்த பிறகு, அக்டோபர் 21 அன்று இணைய முகவரிச் சேவை (டிஎன்எஸ்) தரும் டின் நிறுவனம் தாக்கப்பட்டு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்கு நின்றுபோயின. மிராயை எழுதிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு, உங்கள் சர்வரில் தடை செய்யப்பட்ட ஒரு பையன் கோபத்தில் சில டாலர் செலவழித்து உங்கள் ஐபியை அடிக்கவைக்க முடியும்.

தாக்குதல் வந்தால் உங்கள் கம்பெனி என்ன செய்யும் என்று டிக்கெட் போட்டுக் கேளுங்கள். பாதுகாப்பு இல்லாத இடத்தில், மற்ற வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற உங்கள் ஐபியையே பல மணிநேரத்துக்கு முடக்கிவிடுவார்கள். "நல் ரூட்" என்பது அது. ஓவிஎச் ஆட்ட சர்வர்களுக்கென்றே வடிகட்டி வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் டிசிபிஷீல்ட் மாதிரி நடுவில் நிற்கும் சேவையைப் பயன்படுத்தி உண்மையான ஐபியை மறைக்கலாம், அப்போது பிங்குக்குக் கொஞ்சம் கூடும். கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் டொமைன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆரஞ்சு மேகம், அதாவது போக்குவரத்தைக் கிளவுட்ஃபிளேர் வழியாக அனுப்பும் அமைப்பு, வலைத்தளத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். சர்வர் முகவரிக்கு அதைப் போட்டால் யாராலும் ஆட்டத்துக்குள் வர முடியாது, சாம்பல் மேகமாக மாற்றுங்கள்.

படி 7: பணம் கட்டும் விஷயம்

வெளிநாட்டுக் கம்பெனிகள் போடும் விலைக்கு மேல் இந்தியாவில் 18% ஜிஎஸ்டி உண்டு. 12 டாலர் என்றால் 14.16 என்று படியுங்கள், அப்புறம் கார்டு நிறுவனத்தின் மாற்றுக் கட்டணம் வேறு. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நீங்கள் தனியாக அனுமதி பதிந்திருக்க வேண்டும். பல வெளிநாட்டுத் தளங்களில் அது இன்னும் சரியாக நடப்பதில்லை, பணம் போகாமல் சர்வர் நின்றுவிடும், சில நாள் கழித்து அழிந்தும் விடும். முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் வசதி இருந்தால் மூன்று மாதத்துக்கு ஏற்றி வையுங்கள்.

இந்தியக் கம்பெனிகள் அடையாள ஆவணம் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி விபிஎஸ் விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரத்தைச் சரிபார்த்து 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்ற சலுகையை முதல் மாதத்தில் தொடவே வேண்டாம். ஆரகிளின் இலவச ஆர்ம் மெஷின் 4 கோர், 24 ஜிபி என்று பெயர் வாங்கியது, ஜாவாவும் அதில் நன்றாகவே ஓடும். ஆனால் வரம்புகளை மாற்றுகிறார்கள், இந்திய ஊர்களில் இடம் கிடைக்காமல் அலைய வேண்டியிருக்கும், சும்மா கிடக்கும் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். பழகுவதற்கு நல்லது, இருபது பேரின் உழைப்பை வைக்க ஏற்ற இடம் அல்ல.

ஆட்களிடம் பங்கு வசூலித்து வாடகை கட்டுவதில் தவறில்லை. பணம் கொடுத்தவருக்கு மட்டும் வைரக் கத்தி என்று விற்பதை 2014-லிலிருந்தே மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் தடுத்திருக்கிறது. தொப்பி, பட்டம், வண்ணப் பெயர் மாதிரி ஆட்டத்தைப் பாதிக்காதவற்றை விற்கலாம்.

படி 8: வாங்கிச் சோதியுங்கள்

பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் பணம் எடுக்கும் கம்பெனிகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே சோதனையை எல்லாவற்றிலும் செய்யுங்கள். மொத்தச் செலவு ஒரு பிரியாணி விலைக்குள் முடியும்.

டெபியன் அல்லது உபுண்டு போடுங்கள். எல்எஸ்சிபியு கட்டளையில் பிராசசர் பெயரைப் பாருங்கள். பிராசசர் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் ஓட்டி சிங்கிள் கோர் மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒருமுறை மதியம், ஒருமுறை இரவு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கே கூட்டம் அதிகம்.

அப்புறம் நிஜ வேலை. ஜாவா போட்டு (1.20.5 பதிப்பிலிருந்து ஜாவா 21 தேவை, மிகப் புதிய பதிப்பு என்றால் அதன் வெளியீட்டுக் குறிப்பைப் பாருங்கள்) பேப்பரை இறக்கி ஓட்டுங்கள். சங்கி என்ற பிளகின் போட்டு மையத்திலிருந்து 3,000 பிளாக் ஆரத்துக்கு உலகத்தை முன்கூட்டியே உருவாக்கச் சொல்லுங்கள். சதுரமாக எடுத்தால் அது 1,40,000-க்கு மேல் சங்க் (16-க்கு 16 பிளாக் கொண்ட நிலத்துண்டு), பிராசசருக்கும் டிஸ்க்குக்கும் நல்ல பரீட்சை. எந்த மெஷின் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்பதிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும், உலகம் தயாராக இருப்பதால் பின்னால் லேக்கும் குறையும்.

அது முடிந்ததும் நண்பர்களை இரவு 9 மணிக்கு வரவழைத்து ஒரு மணிநேரம் நிஜமாக ஆடச் சொல்லுங்கள். ஸ்பார்க் என்ற கருவி எம்எஸ்பிடியைக் காட்டும், அதாவது ஒரு டிக்குக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதை. சராசரி 25-க்குக் கீழே இருந்தால் வளர இடம் இருக்கிறது. 40-ஐத் தொட்டால் இன்னும் நாலு பேர் வந்ததும் திணறும். டிபிஎஸ் (நொடிக்கு எத்தனை டிக்) 20 என்று காட்டுவதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், 49 மில்லிசெகண்ட் எடுத்தாலும் அது 20 என்றுதான் காட்டும். சராசரியோடு 95 சதவீத அளவையும் (நூறு டிக்கில் 95 எத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிகின்றன என்பதை) பாருங்கள், சராசரி 20 இருந்து அது 80 இருந்தால் ஆட்டத்தில் வெட்டு வெட்டாக வரும். இதே நேரத்தில் ஸ்டீல் எண்ணையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோற்ற மெஷின்களை நிறுத்தினால் போதாது, அழிக்க வேண்டும். டிஜிட்டல் ஓஷன் உட்படப் பல இடங்களில் அணைத்து வைத்த மெஷினுக்கும் பில் ஓடும்.

படி 9: ஜெயித்த மெஷினை ஒழுங்காக அமையுங்கள்

வியூ டிஸ்டன்ஸ், அதாவது எத்தனை சங்க் தூரம் வரை தெரியும் என்பது, இயல்பாக 10. ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் 21-க்கு 21, அதாவது 441 சங்க். அதை 7 ஆக்கினால் 225. சிமுலேஷன் டிஸ்டன்ஸை 10-இலிருந்து 5 ஆக்கினால் 441 என்பது 121 ஆகிறது, பயிர் வளர்வதும் மிருகங்கள் நடமாடுவதும் இந்த வட்டத்துக்குள்தான். இந்த இரண்டு எண்ணை மாற்றுவது பல நேரம் அடுத்த திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்குச் சமம்.

ஜாவாவைத் தொடங்கும்போது குறைந்தபட்ச ராமும் அதிகபட்ச ராமும் ஒரே அளவாக இருக்கட்டும். எய்கார் ஃபிளாக்ஸ் என்று தேடினால் கிடைக்கும், குப்பை அள்ளும் வேலைக்கான ஜி1 அமைப்பைப் போடுங்கள், பேப்பரின் ஆவணத்திலேயே இருக்கிறது.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக சர்வரை ஓட்டாதீர்கள், தனிப் பயனர் உருவாக்குங்கள். தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையப் பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்எச் சாவி. ஃபயர்வாலில் எஸ்எஸ்எச் போர்ட்டும் மைன்கிராஃப்டின் 25565-ம் மட்டும் திறந்திருக்கட்டும். தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை அனுப்பும் ஆர்கான் போர்ட் 25575 வெளியே தெரியக் கூடாது. கைபேசியில் பெட்ராக் வைத்திருப்பவர்களும் வர வேண்டும் என்றால் கெய்சர் போட்டு 19132-ஐத் திறக்கலாம், அது யுடிபி என்பதை மறக்க வேண்டாம். ஆன்லைன் மோட் எப்போதும் இயங்கட்டும். அதை அணைத்துவிட்டால் உங்கள் பெயரையே போட்டுக்கொண்டு யாரும் அட்மினாக உள்ளே வரலாம். தெரிந்தவர்கள் மட்டும் ஆடும் சர்வர் என்றால் வொயிட்லிஸ்ட் போட்டுவிடுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் ஓட்டையில், சாட்டில் ஒரு வரி தட்டச்சு செய்தாலே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. அது உலகத்துக்குத் தெரியவந்த முதல் இடங்களில் மைன்கிராஃப்ட் சர்வர்களும் இருந்தன.

படி 10: பேக்கப், இடம் மாறுதல்

2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச்சின் ஒரு டேட்டா சென்டர் கட்டடமே எரிந்துபோனது. ரஸ்ட் ஆட்டத்தின் 25 ஐரோப்பியச் சர்வர்களின் தரவு முழுசாகப் போய்விட்டது, மீட்க முடியவில்லை. பெரிய கம்பெனி, நல்ல மெஷின், எல்லாம் இருந்தும்தான். கம்பெனி தரும் ஸ்னாப்ஷாட் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்னொரு பிரதி வேறு கம்பெனியிலோ உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க்கிலோ இருக்க வேண்டும். ரெஸ்டிக் அல்லது ஆர்க்ளோன் வைத்துத் தினமும் விடியற்காலை தானாக அனுப்பச் செய்யலாம். பிரதி எடுக்கும் முன் சர்வரின் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒருமுறை எழுதச் சொல்லி, பிரதி முடிந்ததும் திரும்ப இயக்கும் வரிகளை ஸ்கிரிப்டில் சேருங்கள், இல்லையென்றால் பாதி எழுதிய கோப்பு பிரதியில் போய்ச் சேரும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு மெஷினில் விரித்து உலகம் திறக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆட்டக்காரர்களுக்கு ஐபியைக் கொடுக்காமல் முதல் நாளிலிருந்தே ஒரு டொமைன் பெயரைக் கொடுங்கள். கம்பெனியின் தரம் இறங்கினாலோ விலை ஏறினாலோ அன்றைக்கே கிளம்ப அதுதான் உதவும். மாறுவதற்கு முந்தைய நாள் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை, அதாவது பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 5 நிமிடமாகக் குறையுங்கள். சர்வரை நிறுத்தி, ஆர்சிங்க் என்ற கருவியில் கோப்புறையைப் புது மெஷினுக்கு அனுப்பி, அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு முகவரியை மாற்றுங்கள். பழைய மெஷினில் சர்வரை நிறுத்தியே வையுங்கள், இல்லையென்றால் சிலர் பழைய உலகத்தில் கட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, புதிய இடத்திலிருந்து ஒரு பேக்கப் வெற்றிகரமாக வெளியே போனதைப் பார்த்த பிறகு பழையதை அழித்துவிடலாம்.